டம்ளரிலிருந்து தொடங்குங்கள்: அன்றாட உணவில் சர்க்கரையைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரையைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் கைவைப்பது பலகாரத்தில்தான். தீபாவளிக்கு அதிரசம் வேண்டாம், கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று ஒதுங்குவார்கள். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல இரண்டு ஸ்பூன் போட்டுக் காபி குடிப்பார்கள். இது தலைகீழான வழி. அதிரசம் வருடத்தில் இரண்டொரு நாள். காபியோ தினமும் இரண்டு, மூன்று வேளை. நம் உடம்பில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கு கரைத்துக் குடிப்பதில் வருகிறது. அதைச் சரிசெய்துவிட்டால் பண்டிகைக்கு ஒரு அதிரசம் சாப்பிட யாரும் பயப்பட வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது: முதலில் குடிப்பது, பிறகு கொறிப்பது, கடைசியாகப் பலகாரம்.

எவ்வளவு வரை சரி?

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் மொத்தக் கலோரியில் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். ஆக, ஐந்தாறு ஸ்பூன்தான் நல்ல அளவு, பத்துப் பன்னிரண்டு ஸ்பூன் உச்ச வரம்பு.

வெள்ளைச் சர்க்கரை மட்டும் இந்தக் கணக்கில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், சர்பத் சிரப், பிழிந்து வடிகட்டிய பழச்சாறு எல்லாமே இதில் அடக்கம். முழுப் பழமும், பாலில் இயல்பாக இருக்கும் இனிப்பும் சேராது. வாழைப்பழத்தையோ கொய்யாவையோ பார்த்துப் பயப்பட ஆரோக்கியமான ஒருவருக்குக் காரணமே இல்லை.

2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ என்ற நீரிழிவு ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இதற்குச் சர்க்கரை ஒன்றே காரணம் இல்லை. பரம்பரை, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, வயிற்றுச் சதை, தட்டு நிறைய வெள்ளைச் சோறு எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலை. ஆனால் இவற்றில் இன்றைக்கே, பைசா செலவில்லாமல் மாற்றக்கூடியது சர்க்கரை டப்பா. பல் சொத்தைக்கும் இதே சர்க்கரைதான் முக்கியக் காரணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மளிகைக் கணக்கு

என்ன சாப்பிட்டோம் என்று தினமும் நோட்டில் எழுதச் சொல்வார்கள். அது நாலு நாளில் நின்றுவிடும். அதைவிடச் சுலபமான வழி மளிகைக் கணக்குதான். போன மாதம் வீட்டுக்கு எத்தனை கிலோ சர்க்கரை வாங்கினீர்கள்? ரேஷனில் வாங்கியதையும், வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேனையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதை வீட்டில் உள்ள பேரால் வகுத்து, பிறகு 30ஆல் வகுங்கள்.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 3 கிலோ ஓடுகிறது என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். பிஸ்கட், கடை டீ, ஜூஸ் எதுவும் சேராமலேயே நல்ல அளவைத் தொட்டாயிற்று. மாதம் 5 கிலோ என்றால் தலைக்குக் கிட்டத்தட்ட 42 கிராம். வெளியில் இரண்டு டீ குடித்தால் 50ஐத் தாண்டிவிடும். இந்த ஒரு எண் போதும். எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். உங்கள் வீட்டு ஸ்பூனால் வழக்கமாக அள்ளுவது போலவே அள்ளி, சமையலறைத் தராசில் போடுங்கள். குவித்து அள்ளினால் ஒரு ஸ்பூன் 7, 8 கிராம்கூட வரும். ‘ரெண்டே ஸ்பூன்தான் போடுறேன்’ என்று நாம் சொல்வது பல வீடுகளில் உண்மையில் மூன்றரை ஸ்பூன்.

இரண்டாம் படி: வீட்டு டீ, காபி

இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரேயடியாக நிறுத்தி, ஒரு வாரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து, அப்புறம் பழையபடி திரும்பியவர்கள் ஏராளம். நாக்குக்குப் பழக நாள் வேண்டும். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு மூன்றாம் மாதத்தில் அதே புட்டிங் முன்பைவிட அதிகமாக இனித்தது. ருசி தானாக மாறும். நாம் செய்ய வேண்டியது அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கும்படி மெதுவாகப் போவது.

ஒருவராக இருந்தால் பத்து நாளைக்கு ஒருமுறை கால் ஸ்பூன் குறையுங்கள். தலை தட்டிய இரண்டு ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூனுக்கு வர இரண்டு மாதம் ஆகும். அவசரம் வேண்டாம்.

குடும்பத்துக்கே டீ போடுகிறவர் என்றால் இப்படிச் செய்யலாம். மறுநாளைக்கு வேண்டிய சர்க்கரையை முந்தைய இரவே எடை போட்டு ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். காலை காபி முதல் சாயங்கால டீ வரை எல்லாம் அந்தக் கிண்ணத்திலிருந்துதான். பெரிய டப்பா மேல் அலமாரிக்குப் போகட்டும். நாலு பேருக்கு இப்போது 100 கிராம் ஓடுகிறது என்றால் முதல் பத்து நாள் 90, அடுத்த பத்து நாள் 80. யாரிடமும் அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் முதல் வாயிலேயே ‘சப்புன்னு இருக்கே’ என்பார்கள். பத்துப் பத்தாகக் குறைவது பெரும்பாலும் நாக்குக்குத் தெரியாது.

இதோடு இன்னொரு வேலையும் நடக்க வேண்டும். டீயும் காபியும் நன்றாக இருக்க வேண்டும். நம் டம்ளரில் விழும் சர்க்கரையில் பாதி, சரியில்லாத டிகாக்‌ஷனை மறைக்கத்தான் விழுகிறது என்பது என் உறுதியான எண்ணம். சிக்கரி கூடுதலாகக் கலந்த தூள் கசக்கும். அந்தக் கசப்பை அமுக்கக் கூடுதல் சர்க்கரை போடுவோம். சிக்கரி குறைந்த தூளுக்கு மாறி, ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷனை மட்டும் எடுத்து, அன்றே காய்ச்சிய பாலில் கலந்து பாருங்கள். ஒரு ஸ்பூன் போட்ட இடத்தில் அரை ஸ்பூன் போதும். பாலிலேயே 100 மில்லிக்கு நாலரை கிராமுக்கு மேல் லாக்டோஸ் இருக்கிறது. தண்ணீர் அதிகம் விடாத பாலில் அந்த இலேசான இனிப்பு தெரியும்.

டீயும் அப்படித்தான். தூளைப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறும். துவர்ப்பு ஏறினால் சர்க்கரையும் ஏறும். தூள் போட்டு ஒன்றிரண்டு கொதி வந்ததும் இறக்கி, மூடிவைத்து வடிகட்டுங்கள். தட்டிய இஞ்சி, ஒரு ஏலக்காய், சுக்கு இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் இனிப்புக் குறைந்தது பெரிதாகத் தெரியாது.

யாழ்ப்பாணத்துப் பழக்கம் ஒன்று இங்கே நன்றாக உதவும். வெறுந் தேத்தண்ணியைச் சர்க்கரை போடாமல் ஊற்றி, பனங்கட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். இனிப்பு நேராக நாக்கில் படுவதால் சின்னத் துண்டே ஒரு கோப்பைக்குப் போதுமானதாக இருக்கிறது. பால் இல்லாத டீ குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் முயன்று பாருங்கள். ஒரு துண்டோடு நிறுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்றாம் படி: கடை டீ

வீட்டில் குறைத்ததைக் கடையில் மீட்டுக்கொள்வது சகஜம். டீக்கடையில் மாஸ்டர் கண்ணாடி டம்ளரில் முதலில் சர்க்கரையைத்தான் போடுவார். அதன்மேல் பால், அதன்மேல் டிகாக்‌ஷன், அப்புறம் ஒரு ஆற்று. டம்ளரில் சர்க்கரை விழுந்த பிறகு ‘கம்மி’ என்று சொல்லிப் பயனில்லை. கடை வாசலில் கால் வைக்கும்போதே, “அண்ணே, ஒரு டீ, சர்க்கரை கம்மியா” என்று சொல்லிவிட வேண்டும். ‘பாதி சர்க்கரை’ என்று சொன்னால் இன்னும் தெளிவு. சர்க்கரையே வேண்டாம் என்றால் ‘ஒரு வித்அவுட்’ போதும். நாலு நாள் தொடர்ந்து சொன்னால் ஐந்தாம் நாள் உங்களைப் பார்த்ததுமே அவர் அதற்கேற்ப ஸ்பூனை எடுப்பார்.

ஆபீஸில் மெஷின் டீ என்றால் கவனம். சில மெஷின்களில் சர்க்கரை கலந்த பொடிதான் இருக்கும், குறைக்கவே முடியாது. பிளாஸ்கில் வீட்டு டீயைக் கொண்டுபோவது நல்லது.

நான்காம் படி: குளிர்பானமும் ஜூஸும்

கோலா வகைக் குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி பாட்டில் ஒன்று குடித்தால் 30 கிராமுக்கு மேல், அதாவது நாள் முழுக்கச் சேர வேண்டியது ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. வயிறும் நிறைவதில்லை, அடுத்த வேளைச் சாப்பாடும் குறைவதில்லை. இதில் மட்டும் மெதுவாகக் குறையுங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டு ஃபிரிட்ஜில் வாங்கி வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

ஜூஸ் கடையைப் பற்றித்தான் பலரும் ஏமாந்துபோகிறோம். ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் வேண்டும். உட்கார்ந்து உரித்துச் சாப்பிட்டால் ஒன்றரைப் பழத்தில் போதும் என்று தோன்றும். ஜூஸில் நார்ச்சத்தை வடிகட்டிவிட்டு, மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போடுகிறார்கள். ‘சர்க்கரை வேண்டாம்’ என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும், பழமாகவே சாப்பிட்டால் முழுதும் தீரும். பாக்கெட் ஜூஸைப் பொறுத்தவரை, ‘100 சதவீதப் பழச்சாறு’ என்ற வாசகத்தையே லேபிளிலிருந்து எடுக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனில் உத்தரவிட்டது. அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரித்ததை அப்படிச் சொல்வது தவறு என்பதுதான் காரணம்.

சரி, வெயிலுக்கு என்னதான் குடிப்பது? நீர்மோர் இருக்கிறது: கடைந்து, தண்ணீர் விட்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப்போட்டது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, கடையில் என்றால் சால்ட் லெமன் சோடா. இளநீரில் கொஞ்சம் இயற்கை இனிப்பு உண்டு, தினமும் ஒன்று என்றால் தவறில்லை. நன்னாரி சர்பத்தில் சிரப் முக்கால்வாசி சர்க்கரைதான். ஆனால் நன்னாரி வேரையே கழுவி, இலேசாகத் தட்டி, மண்பானைத் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் அந்த வாசனையோடு தண்ணீர் குடிக்கும்போது இனிப்பு இல்லையே என்று தோன்றாது. வெட்டிவேரும் அப்படியே. பதநீரும் பானகமும் நம் பாரம்பரியம்தான், ஆனால் இரண்டும் நல்ல இனிப்பு. எப்போதாவது குடிக்கலாம், தாகத்துக்குத் தண்ணீராகக் குடிக்கக் கூடாது.

நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் போதுமா?

போதாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இன்று எங்கே பார்த்தாலும் ‘வெள்ளைச் சர்க்கரை விஷம், கருப்பட்டி மருந்து’ என்று பேச்சு. கருப்பட்டிக் காபி என்று போர்டு வைத்த கடைகள் நெடுஞ்சாலையெங்கும் வந்துவிட்டன. அப்பாவுக்குச் சுகர் இருக்கிறது, அதனால் அவருக்கு மட்டும் நாட்டுச் சர்க்கரை என்று தனி டப்பா வைத்த வீடுகள் எத்தனையோ.

100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரி. அதே எடை வெல்லத்தில் சுமார் 380. வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். கொஞ்சம் இரும்பும் தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்பூனில் கிடைப்பது சொற்பம். அந்த இரும்புக்காக வெல்லம் சாப்பிடுவதைவிட ஒரு பிடி முருங்கைக்கீரை சாப்பிடலாம். தேனிலும் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான். சந்தையில் வெள்ளைச் சர்க்கரை கலந்து காய்ச்சிய வெல்லமும் கருப்பட்டியும் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கருப்பட்டியின் மணமும் ருசியும் தனி. அதற்காகவே சாப்பிடுங்கள், பனைத் தொழிலாளிக்கு நாலு காசும் சேரும். ஆனால் மளிகைக் கணக்கில் அதையும் சர்க்கரை என்றே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: கொறிப்பதும் பாக்கெட்டும்

டீயோடு நாலு மேரி பிஸ்கட் என்பது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். இந்த வகை பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாலு பிஸ்கட் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்பூன். கிரீம் பிஸ்கட் இதைவிடக் கூடுதல். நம் ஊர் பேக்கரி பிரெட்டும் பன்னும் பெரும்பாலும் இனிப்புதான். தக்காளி சாஸ் புளிப்பும் காரமுமாகத் தெரிந்தாலும் நூறு கிராமில் கால் பங்குக்கு மேல் சர்க்கரை இருப்பது உண்டு.

இதற்கெல்லாம் லேபிள் படிக்கத் தெரிந்தால் போதும். இந்தியாவில் விற்கும் பாக்கெட் உணவுகளின் சத்துப் பட்டியலில் ‘டோட்டல் சுகர்ஸ்’, ‘ஆடட் சுகர்ஸ்’ என்று இரண்டு வரி இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவது வரி. ‘பெர் சர்விங்’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு 100 கிராம் கட்டத்தைப் பாருங்கள். சர்விங் என்பது இரண்டே பிஸ்கட்டாக இருக்கலாம், நாம் இரண்டோடு நிறுத்துகிறவர்கள் இல்லை. சதவீதக் கணக்கு போட்டிருந்தால் அது 50 கிராமை முழு நாள் அளவாக வைத்துப் போட்டது. அதாவது ‘20 சதவீதம்’ என்றால் 10 கிராம்.

பிறகு சேர்மானப் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை வந்தால் அது இனிப்புப் பண்டம், பாக்கெட்டில் கோதுமைக் கதிர் படம் போட்டிருந்தாலும் சரி. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், ஃபிரக்டோஸ், கார்ன் சிரப் என்று வேறு பெயர்களில் பிரித்துப் போட்டிருப்பார்கள். எல்லாமே சர்க்கரை வகைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் மாவுச்சத்து, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும்.

பிஸ்கட்டுக்குப் பதில் என்ன என்பதற்கு நம் சமையலறையில் பதில் நிறையவே இருக்கிறது. வேகவைத்த கடலை, பொட்டுக்கடலை, சுண்டல், அவல் உப்புமா, மசாலா பொரி. காலையில் முட்டையோ பயறோ கடலையோ சேர்த்து வயிறாரச் சாப்பிட்டவருக்கு நாலு மணிக்கு இனிப்பைத் தேடும் வேகம் குறைவாக இருக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல பண்டம். ஆனால் அதை இனிப்பாகக் கணக்கு வைத்து ஒரு வில்லையோடு நிறுத்த வேண்டும்.

வீட்டில் குழந்தை இருந்தால்

இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். பாலிலும் வேண்டாம், கஞ்சியிலும் வேண்டாம். இதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. கருவிலும் முதல் இரண்டு வருடத்திலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்தது. ஐம்பது அறுபது வருடம் கழித்துத் தெரியும் பலன் அது.

பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களின் லேபிளையும் மேலே சொன்னபடி படித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பவுடர் இல்லாமல் பால் குடிக்காத பிள்ளைக்கு, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பொடித்த பாதாமும் ஏலக்காயும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பேரீச்சம்பழம் ஒன்றை அரைத்துக் கலந்தாலும் சரி.

பேரப் பிள்ளைக்குத் தாத்தா பாட்டி மிட்டாய் வாங்கிக் கொடுப்பதில் சண்டை போட வேண்டாம். “அத்தை, மிட்டாய்க்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை நீங்களே பணியாரம் சுட்டுக் கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது கொடுக்கும் சந்தோஷம்தான்.

பலகாரம், பண்டிகை

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வையுங்கள். அதில் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அளவில் மட்டும் கொஞ்சம் கை வைக்கலாம். அரிசி ஒரு பங்குக்கு வெல்லம் இரண்டு பங்கு போடுகிறவர்கள் ஒன்றரையில் தொடங்கி, அடுத்த முறை ஒன்றேகாலுக்கு வரலாம். நெய்யில் வறுத்த முந்திரி, ஏலக்காய், துளி பச்சைக் கற்பூரம், ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பு இருக்கும் இனிப்பை எடுத்துக்கொடுக்கும். கேசரிக்கு ஒரு டம்ளர் ரவைக்கு ஒரு டம்ளர் சர்க்கரை தாராளம். பாயசத்தில் பாலை நன்றாகச் சுண்டக் காய்ச்சினால் சர்க்கரை தானாகக் குறையும். சாம்பாரிலோ ரசத்திலோ கிள்ளிப்போடும் வெல்லத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

விருந்துக்குப் பிறகு மிஞ்சிய ஸ்வீட் பாக்ஸ்தான் தொந்தரவு. ஃபிரிட்ஜில் இருந்தால் நாலு நாளும் திறப்போம். அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் பங்குபோட்டுவிடுங்கள்.

சுகர்ஃப்ரீ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. என் பார்வையில் இன்னொரு குறையும் உண்டு: நாக்கு பழைய இனிப்பிலேயே நின்றுவிடுகிறது. ‘சுகர்ஃப்ரீ’ பிஸ்கட்டிலும் மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும்.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் கவனத்துக்கு

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டிலும் பானத்திலும் சர்க்கரை குறையும்போது, பழைய அளவு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ ரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் முடிந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, பார்க்க வழியில்லை என்றாலோ, அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் சர்க்கரை டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றினாலும், இப்படிப்பட்டவர் சட்டைப் பையிலோ கைப்பையிலோ குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.